குரூப் 4க்கு எப்படி படிக்கது: திரும்பத் திரும்ப வாசிக்கவா, நோட்ஸ் எழுதவா, கோச்சிங் போகவா, புக்க மூடிட்டு சொல்லிப் பாக்கவா?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரிட்சைக்கு படிக்கிற ஆளுகிட்ட எந்த புக்கு வாங்கலாம், எந்த கோச்சிங் நல்லாருக்கும்னு கேட்டுப் பாருங்க, மணிக்கணக்குல பேசுவான். சரிடே, அந்த புக்க வச்சுக்கிட்டு நீ எப்படி படிக்கன்னு கேட்டா ஒரு மாதிரி பாப்பான், "எப்படின்னா? வாசிக்கேன், அடிக்கோடு போடுதேன், திரும்ப வாசிக்கேன்"பான். பாளையங்கோட்டைல எந்த ரீடிங் ஹாலுக்குள்ள வேணா எட்டிப் பாருங்க, சமச்சீர் புக்கு ஆறாங்கிளாஸ்ல இருந்து பத்தாங்கிளாஸ் வரைக்கும் அடுக்கி வச்சுருப்பாங்க, பக்கத்துல மஞ்சள் பச்சை ரோஸ்னு மூணு கலர் ஹைலைட்டர் கெடக்கும். எங்க சித்தி மவன் ஒருத்தன் அம்பைல இருக்கான், அவனும் இதத்தான் கேட்டான், மூணு மாசம் இருக்குண்ணே, வேலைக்கும் போறேன், ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் கெடைச்சா பெருசு, எப்படி படிச்சா நிக்கும்னு. அவனுக்கு வாய்ஸ் நோட்ல சொன்னத இங்க விரிவா எழுதுதேன், ஏன்னா இந்த விஷயத்துல மனோதத்துவ ஆராய்ச்சிக்காரங்க நூறு வருஷத்துக்கு மேல வேலை பாத்து வச்சுருக்காங்க, நம்ம பயலுவ காதுல அது விழவே இல்ல.

அவன் மனசுல இருந்த வழி என்னன்னா, சமச்சீர் புக்க அடிக்கோடு போட்டு நாலஞ்சு தடவை வாசிக்கது, இல்லன்னா நோட்டு போட்டு குறிப்பு எழுதுறது, அதுவும் இல்லன்னா ஜங்ஷன் பக்கம் ஒரு கோச்சிங்ல பணத்தக் கட்டிட்டு அவங்க நடத்துறத கேக்கது. நாலாவதா ஒண்ணு உண்டு, புக்க மூடி வச்சுட்டு தனக்குத்தானே கேள்வி கேட்டு பதில் சொல்லிப் பாக்கது. அத அவன் ஒரு வழியாவே கணக்குல எடுக்கல, எல்லாம் படிச்சு முடிச்ச பொறவு கடைசி மாசம் பண்ற சோலின்னு நெனச்சுட்டான். என் கணக்குல அதுதான் முதல்ல வரணும், மத்த மூணும் அதுக்கு எடுபிடி.

வாசிக்கதுல என்ன குறைன்னு கேப்பீங்க. உக்காந்து படிக்கிற நேரத்துல ஒரு குறையும் தெரியாது, சிக்கலே அங்கதான் இருக்கு. 2006ல அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல இருக்க வாஷிங்டன் யுனிவர்சிட்டில ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேரு ஒரு பரிசோதனை பண்ணாங்க. காலேஜ் பசங்கள மூணு கூட்டமா பிரிச்சு ஒரு சின்ன பாடத்தக் குடுத்தாங்க. ஒரு கூட்டம் நாலு ரவுண்டும் வாசிக்கணும். இன்னொண்ணு மூணு ரவுண்டு வாசிச்சுட்டு ஒரு ரவுண்டு வெறும் பேப்பர்ல ஞாபகம் வர்றத எழுதணும். மூணாவது கூட்டம் ஒரே ஒரு ரவுண்டு வாசிச்சுட்டு மீதி மூணு ரவுண்டும் பாக்காம எழுதிப் பாக்கணும், அவ்ளோதான். அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சப்போ வாசிச்ச கூட்டம்தான் முன்னாடி, 83 சதவீதம், மூணு தடவை எழுதிப் பாத்த கூட்டம் 71. அப்பவே நிறுத்தியிருந்தா வாசிக்கதுதான் நல்லதுன்னு எழுதி வச்சுட்டுப் போயிருப்பாங்க. ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் வச்சா வாசிச்ச கூட்டம் 40க்கு எறங்கிடுச்சு, ஒரு தடவை எழுதிப் பாத்தவங்க 56, மூணு தடவை எழுதிப் பாத்தவங்க 61. இத்தனைக்கும் வாசிச்ச கூட்டம் குடுத்த நேரத்துல சராசரியா 14 தடவைக்கு மேல அந்தப் பாடத்த ஓட்டியிருக்காங்க, மூணாவது கூட்டம் மூணரை தடவை கூட முழுசா பாக்கல.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் வேற. ஒரு வாரம் கழிச்சு எந்த அளவுக்கு ஞாபகம் இருக்கும்னு நெனக்கீங்கன்னு அவங்ககிட்ட முன்கூட்டியே கேட்டுருக்காங்க. எல்லாரையும் விட தெம்பா இருந்தது யாருன்னா திரும்பத் திரும்ப வாசிச்ச கூட்டம்தான். எந்த வழில நமக்கு "ஆங், ஏறிடுச்சு"ன்னு தோணுதோ அந்த வழி சீக்கிரம் கைவிடுது, எதுல மண்டை காயுதோ அது நிக்குது. அதனால இந்த நாலு வழியையும் எது சௌகரியமா இருக்குன்னு வச்சு ஒப்பிடவே கூடாது. தன்னோட அறிவ தானே எடை போட்டுப் பாக்குற இந்த சமாச்சாரத்துக்கு மெட்டாகாக்னிஷன்னு பேரு, ஃபிளேவல்னு ஒருத்தர் 1970கள்ல வச்சது. நம்ம எடை போடுற தராசுலயே கோளாறு இருக்குன்னுதான் அதுக்கு அப்புறம் வந்த ஆராய்ச்சியெல்லாம் மாத்தி மாத்தி காட்டுது.

ஏன் அப்படி ஆகுதுன்னா, கட்டபொம்மன தூக்குல போட்டது கயத்தாறு, 1799 அக்டோபர் 16ன்னு ஒரு வரி இருக்கு. நம்ம ஊர் பக்கத்து சங்கதி, முதல் தடவையே பதிஞ்ச மாதிரி இருக்கும். ரெண்டாவது தடவை வாசிக்கும்போது கண்ணு சறுக்கிட்டு போகும், மூளை "இது தெரிஞ்சதுதான"ன்னு சொல்லும். பாத்த முகம்னு அடையாளம் தெரியது வேற, பேர சொல்லிக் கூப்பிடுறது வேற. பியோர்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1992ல இத ரெண்டா பிரிச்சு சொன்னாரு, ஒரு விஷயம் உள்ள எவ்ளோ ஆழமா பதிஞ்சிருக்குங்கது ஒண்ணு, இந்த நிமிஷம் அது எவ்ளோ சுளுவா வெளிய வருதுங்கது இன்னொண்ணு. நமக்குத் தெரியது ரெண்டாவது மட்டும்தான். புக்கு தெறந்து மடில இருக்கும்போது எல்லாமே சுளுவாத்தான் வரும், அத வச்சு உள்ள பதிஞ்சுடுச்சுன்னு முடிவு கட்டுனா கதை முடிஞ்சுது.

ஹைலைட்டர் பத்தி ரொம்ப பேச ஒண்ணும் இல்ல. 2013ல டன்லாஸ்கியும் கூட்டாளிகளும் படிக்கிற முறை பத்த எடுத்து அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிய எல்லாம் அலசி மார்க் போட்டாங்க. அடிக்கோடு, திரும்ப வாசிக்கது, சுருக்கி எழுதுறது எல்லாம் கடைசி பெஞ்ச். தனக்குத்தானே டெஸ்ட் வச்சுக்கிறதும், நாள் விட்டு நாள் பிரிச்சு படிக்கதும் ரெண்டு மட்டும்தான் முதல் பெஞ்ச். ஆனா பசங்க என்ன பண்ணுதாங்கன்னு 2009ல ஒரு சர்வே, 177 காலேஜ் பசங்க, 84 சதவீதம் பேர் திரும்ப வாசிப்போம்னு சொன்னாங்க, சொல்லிப் பாப்போம்னு சொன்னது 11 சதவீதம். அமெரிக்காலயே இந்த லட்சணம், அப்போ நம்ம பயலுவள குறை சொல்லி என்ன பண்ண.

நோட்ஸ் எழுதுறது கொஞ்சம் குழப்பமான கேஸ், ஏன்னா அது ரெண்டு விதமா நடக்கும். பக்கத்துல புக்க தெறந்து வச்சுக்கிட்டு அழகா மார்ஜின் போட்டு, தலைப்புக்கு செவப்பு பேனா, உள்ளுக்கு நீலப் பேனான்னு எழுதுறாங்க பாருங்க, அது காப்பி எடுக்கிற வேலை. கை வலிக்கும், நோட்டு பாக்க லட்சணமா இருக்கும், வீட்ல அம்மா பாத்து சந்தோஷப்படுவாங்க. 2011ல கார்பிக்கி, பிளண்ட் ரெண்டு பேரும் இத சோதிச்சாங்க. ஒரு கூட்டம் அறிவியல் பாடத்த முன்னாடி வச்சுக்கிட்டு எது எதோட சேரும்னு வட்டம் போட்டு கோடு இழுத்து கருத்து வரைபடம் வரையணும், இன்னொரு கூட்டம் பாடத்த மூடிட்டு ஞாபகம் வர்றத எழுதணும், திரும்ப வாசிச்சு திரும்ப எழுதணும். ஒரு வாரம் கழிச்சு பாத்தா மூடிட்டு எழுதுன கூட்டம் ஜெயிச்சுது. வரைபடம் வரைஞ்சு காட்டுன்னு டெஸ்ட் வச்சா கூட மூடிட்டு எழுதுனவங்கதான் முன்னாடி வந்தாங்க, அதான் அதிசயம். அதனால நோட்ஸ் வேண்டாம்னு நான் சொல்லல, ஒரு பாடத்த வாசி, புக்க மூடு, அப்புறம் எழுது, எழுதி முடிச்சு புக்க தெறந்து விட்டத வேற பேனால சேரு. அதே நோட்டு, அதே நேரம், பலன் வேற. கோணல் மாணலா இருக்கும், இருந்துட்டுப் போகட்டும்.

கோச்சிங் விஷயத்துல நான் கொஞ்சம் கறாரா பேசுவேன், கோவிச்சுக்காதீங்க. நல்லா நடத்துற வாத்தியார் கெடைச்சா புரியாதது புரியும், அதுல சந்தேகமே இல்ல, கணக்கு வராதவங்களுக்கு அது பெரிய உதவி. ஆனா கேக்கிற சொகத்த படிப்புன்னு எடுத்துக்கக் கூடாது. 2013ல கார்ப்பென்டர்னு ஒரு அம்மாவும் அவங்க கூட்டாளிகளும் ஒரே பாடத்த ஒரே ஆள வச்சு ரெண்டு வீடியோ எடுத்தாங்க, ஒண்ணுல அவங்க தடங்கல் இல்லாம கேமராவ பாத்து பேசுதாங்க, இன்னொண்ணுல பேப்பர பாத்துக்கிட்டு தட்டுத்தடுமாறி வாசிக்காங்க. முதல் வீடியோ பாத்தவங்க நெறைய கத்துக்கிட்டதா நெனச்சாங்க, டெஸ்ட் வச்சா ரெண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே மார்க்கு. யூடியூப்ல ரெண்டு மடங்கு வேகத்துல வச்சு "முழு வரலாறும் மூணு மணி நேரத்தில்"னு பாத்துட்டு தூங்கப் போற தம்பிமாருக்கு இத வாசிச்சுக் காட்டலாம். பணம் கட்டத்தான் போறேன்னா கிளாசுக்கு கட்டாத, டெஸ்ட் பேட்ச்சுக்கு மட்டும் கட்டுன்னு சித்தி மவன்கிட்ட சொன்னேன், செலவும் கொறைவு, வாரா வாரம் போய் எழுதவும் வச்சுருவாங்க.

இந்த நாலாவது வழி வெள்ளக்காரன் கண்டுபிடிச்ச புதுசும் இல்ல. 1939லயே ஸ்பிட்சர்னு ஒருத்தர் அயோவால ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க 3,605 பேர வச்சு, படிச்ச கையோட டெஸ்ட் எழுதுன பிள்ளைங்களுக்கு பாடம் நெறைய நாள் நிக்குதுன்னு காட்டிட்டாரு. அதுக்கும் முன்னாடி நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளை முன்னாடி போய் நின்னு எண்சுவடி ஒப்பிக்கணும், ஏடு கைல இருக்காது, தட்டுனா அடி. அடிய விட்டுருங்க, அது வேண்டாம். ஒப்பிக்கதுதான் சரக்கு. வெறும் மனப்பாடம்னு நாம அத கேலி பண்ணிட்டு ஒப்பிக்கத விட்டுட்டு வாசிக்கத மட்டும் கைல வச்சுக்கிட்டோம்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

சரி, செய்ற விதத்துக்கு வாரேன். குரூப் 4ல மூணு மணி நேரத்துல 200 கேள்வி, அதுல தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு கணக்கு 25, எல்லாமே ஆப்ஷன் பாத்து நிரப்புறது. இதனால ஒரு ஆபத்து இருக்கு. பழைய கொஸ்டின் பேப்பர ஆப்ஷனோட வச்சு படிச்சா "ஆ, இதுதான்"னு கை போயிரும், அது அடையாளம் கண்டது மட்டும்தான், மொதல்ல சொன்ன மாதிரி. கேள்விய மட்டும் வாசிச்சு ஆப்ஷன கையால மறைச்சு பதில் சொல்லிட்டு அப்புறம் கைய எடுங்க. இன்னொண்ணு, 2005ல ரோடிகர், மார்ஷ் ரெண்டு பேரும் பாத்தாங்க, ஆப்ஷன்ல இருக்க தப்பு பதில டிக் அடிச்சா அந்தத் தப்பே மண்டைல ஒட்டிக்கிட்டு பின்னாடி சரியான பதில் மாதிரி வருது. வ.உ.சி சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்சது 1906, நீங்க 1908ன்னு அடிச்சுட்டு விடைய பாக்காம பேப்பர மூடி வச்சீங்கன்னா அந்த 1908 உள்ள போய் ஜம்முனு உக்காந்துக்கும். விடைத்தாளோட சரிபாத்தா இந்த சேதாரம் கொறையும்னும் அடுத்து வந்த ஆராய்ச்சி சொல்லுது. விடை இல்லாத கொஸ்டின் பேங்க் பிடிஎஃப் டெலிகிராம்ல ஆயிரம் சுத்துது, அத தொடாதீங்க.

ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில்னு கார்டு போடுறதா இருந்தா, போன்ல கார்டு காட்டுற ஆன்கி ஆப்பா, கையால எழுதுன கார்டான்னு ஒரு சண்டை ஓடும். ரெண்டும் ஒண்ணுதான். போன எடுத்தா வாட்ஸ்அப்ல போய் விழுற ஆளுன்னா கார்டு போடுங்க, கல்யாண பத்திரிகை வீட்ல மிச்சம் கெடக்கும்லா, பின்பக்கம் வெள்ளையா இருக்கும், அத வெட்டிக்கிடலாம். 1972லயே லைட்னர்னு ஒருத்தர் பெட்டி முறைன்னு சொல்லி வச்சாரு, சரியா சொன்ன கார்டு அடுத்த பெட்டிக்கு போகும், அத பைய கொஞ்ச நாள் கழிச்சு எடுத்தா போதும், தப்பு பண்ணது முதல் பெட்டிக்கே திரும்பி வரும். ஒரு எச்சரிக்கை மட்டும், ஒரு தடவை சரியா வந்துடுச்சுன்னு கார்ட தூக்கி மூலைல போட்டுறாதீங்க. கார்பிக்கியும் ரோடிகரும் 2008ல 40 சுவாஹிலி வார்த்தைய வச்சு பாத்தாங்க, ஒரு தடவை சரியா சொன்ன வார்த்தைய திரும்பத் திரும்ப கேட்டுக்கிட்டே இருந்த கூட்டம் ஒரு வாரம் கழிச்சு 80 சதவீதம் சொன்னாங்க, சரியா சொன்னதும் கேக்கத நிறுத்துன கூட்டம் பாதிக்கும் கீழ. அந்த வார்த்தைய திரும்ப பாத்து படிச்சாங்களா இல்லையாங்கது பெருசா ஒண்ணும் மாத்தல, கேட்டாங்களா இல்லையாங்கதுதான் மாத்துச்சு. எவ்ளோ ஞாபகம் இருக்கும்னு கேட்டதுக்கு எல்லா கூட்டமும் பாதி பாதின்னுதான் சொல்லியிருக்கு.

அடுத்தது எப்போ திரும்ப எடுக்கது. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885ல தன்னையே பரிசோதனை எலியாக்கி அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டத்த மனப்பாடம் பண்ணி, திரும்பப் படிக்கும்போது எவ்ளோ நேரம் மிச்சமாகுதுன்னு அளந்தாரு. 20 நிமிஷம் கழிச்சு படிச்சா 58 சதவீதம் மிச்சம், ஒரு நாள் கழிச்சு 34 கிட்ட, ஒரு மாசம் கழிச்சும் 21. நம்மாளுங்க இத "மறதி எவ்ளோ வேகம் பாத்தியா"ன்னு பயமுறுத்தத்தான் சொல்லுதாங்க. எனக்கு அந்த 21தான் கண்ணுக்கு தெரியுது, அர்த்தமே இல்லாத எழுத்து கூட ஒரு மாசம் கழிச்சு அஞ்சுல ஒரு பங்கு வேலைய மிச்சப்படுத்துதுன்னா அர்த்தமுள்ள பாடத்துக்கு கேக்கணுமா. கொஞ்சம் மறக்க விட்டுட்டு எடுக்கதுதான் லாபம். எவ்ளோ விடலாம்னு 2008ல செபீடாவும் கூட்டாளிகளும் 1,350க்கு மேல ஆளுங்கள வச்சு பாத்தாங்க. டெஸ்ட் ஒரு வாரத்துலன்னா அந்த ஒரு வாரத்துல 20ல இருந்து 40 சதவீதம் இடைவெளி, ஒரு வருஷம்னா 5ல இருந்து 10 சதவீதம் போதும்னு வந்துச்சு. மூணு மாசம் ரெண்டுக்கும் நடுவுல வருது, நான் ரெண்டு வாரம், மிஞ்சிப் போனா மூணு வாரம்னு வச்சுக்கச் சொன்னேன். அதாவது இன்னைக்கு பார்த்த ஏழாங்கிளாஸ் தமிழ மறுநாள் ஒரு தடவை மூடிட்டு சொல்லிப் பாத்துட்டு, அடுத்து ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தொடணும், நடுவுல பயம் வரும், வரட்டும். கார்டு கட்டையும் சின்னச் சின்னதா பிரிக்காம ஒரே பெரிய கட்டா வச்சு சுத்துனா இடைவெளி தன்னால வந்துரும். கோர்னெல் 2009ல இத பாத்தப்போ நூத்துக்கு 90 பேருக்கு பெரிய கட்டுதான் பலன் குடுத்துச்சு, ஆனா சின்னக் கட்டுதான் நல்லாருந்துச்சுன்னு சொன்னவங்க 72 பேரு.

கணக்குக்கு மட்டும் தனியா ஒண்ணு சொல்லணும், ஏன்னா அந்த 25 கேள்வில பயலுவ ரொம்ப சொதப்புதாங்க. வழக்கமா தனிவட்டி ஒரு நாள் பூரா, கூட்டுவட்டி ஒரு நாள் பூரா, காலமும் வேலையும் ஒரு நாள்னு போடுவாங்க. இருபது தனிவட்டி கணக்கு வரிசையா போட்டா இருபதாவது தூக்கத்துல கூட வரும், ஆனா இது தனிவட்டி கணக்குன்னு கண்டுபிடிக்கிற வேலைய நீங்க ஒரு தடவை கூட செய்யல, தலைப்புல போட்டுருக்குல்லா. பரிட்சைல தலைப்பு இருக்காது. 2007ல ரோரர், டெய்லர் ரெண்டு பேரும் நாலு விதமான கன உருவத்தோட கன அளவ கண்டுபிடிக்கச் சொன்னாங்க, ஒரு கூட்டத்துக்கு ஒவ்வொரு விதமா அடுக்கி, இன்னொரு கூட்டத்துக்கு கலந்தடிச்சு. பயிற்சில அடுக்கிப் போட்டவங்க 89 சதவீதம், கலந்து போட்டவங்க 60. ஒரு வாரம் கழிச்சு அடுக்குனவங்க 20, கலந்தவங்க 63. 89ல இருந்து 20! அதனால ஒவ்வொரு விதமும் நாலஞ்சு போட்டு வழி புரிஞ்ச உடனே கலக்க ஆரம்பிச்சுருங்க. புரியாத கணக்க கலந்தா மட்டும் பிரயோஜனம் இல்ல, அங்கதான் வாத்தியாரோ வீடியோவோ வேணும்.

வாசிக்கதுக்கு ஒரு இடமும் இல்லையான்னா இருக்கு. முதல் தடவை நிதானமா வாசிக்காம ஒண்ணும் உள்ள போகாது, உள்ள போகாதத எங்கன இருந்து வெளிய எடுக்க. அப்புறம் பரிட்சை அன்னைக்கு காலைல, சென்டர் வாசல்ல நிக்கும்போது அந்த 83 சதவீதம் ஞாபகம் இருக்கா, அப்போ வாசிக்கலாம், அஞ்சு நிமிஷக் கணக்குக்கு அது சரி. அவன் ரெண்டு மணி நேரத்த நான் பிரிச்சுக் குடுத்தது இப்படி, அரை மணி நேரம் புதுசா வாசிக்க, மீதி ஒன்றரை மணி நேரமும் மூடிட்டு சொல்லவும் எழுதவும் பழைய கார்டு பாக்கவும் கணக்க கலந்து போடவும். அவனுக்கு கேட்ட உடனே முகம் சுருங்கியிருக்கும், போன்ல தெரியல, "அப்போ சிலபஸ் எப்பண்ணே முடிக்க"ன்னான். ஒரு பாடத்த முடிச்சாச்சுன்னு டிக் போடுறத அன்னைக்கே போடாத, மறுநாள் சாயங்காலம் மூடிட்டு சொல்லிப் பாத்துட்டு போடுன்னேன். 1991ல நெல்சன், டன்லாஸ்கி காட்டுனது இதுதான், படிச்ச உடனே நமக்குத் தெரியுமான்னு கேட்டா தப்பா சொல்லுதோம், கொஞ்ச நேரம் தள்ளி கேட்டா சரியா சொல்லுதோம். அந்த டிக்கு கொறைவாத்தான் விழும், ஆனா விழுந்த டிக்க நம்பலாம்.

பத்து நாள்தான் இருக்குன்னு கேக்கிறவங்களும் உண்டு, அவங்களுக்கு ரெண்டு வாரம் மூணு வாரம்னு இடைவெளி விடுற பேச்சே இல்ல. புதுப் பாடம் ஒண்ணும் தொடாம, ஏற்கனவே பாத்ததுல பழைய கொஸ்டின் பேப்பர ஆப்ஷன மறைச்சு ஒரு நாள் ஒண்ணுன்னு போட்டு, தப்பு வந்தத மட்டும் புக்குல தேடிப் பாத்து, ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தப்ப மறுபடி கேளுங்க. ராத்திரி முழிச்சு வாசிக்காம தூங்குங்க. தமிழ்ல 100 கேள்வி இருக்கு, நேரம் பத்தலன்னா அதுலயே இருங்க.